தனி லைன்

ஐஸ்காரனுக்கு அந்த வாரம் முழுக்க இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் நடந்தான், நடந்து முடித்துவிட்டு மறுபடியும் அதே நாற்காலியில் வந்து விழுந்து, கண்ணை மூடிக்கொண்டு அதே பாட்டைக் கேட்டான். கேட்டுவிட்டு, "சே!" என்றான். அவன் காலடியில் இரண்டு கறுப்பு கேபிள்கள் சுருண்டு கிடந்தன. ஒரே தடிமன், ஒரே நீளம், ஒரே உறை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரப்போகிற பெரிய மனிதர் முன்னால் அவற்றில் ஒன்றைத்தான் மாட்ட வேண்டும். எதை என்பதுதான் அவன் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

ஐஸ்காரன் என்றதும் ஐஸ் விற்பவன் என்று நினைத்துவிட வேண்டாம். அவன் செய்வது பவர் கேபிள். சுவரிலிருந்து கரண்டை எடுத்துக்கொண்டு போய் ஆம்ப்ளிஃபையரில் விடுகிற வயர், அவ்வளவுதான். ஆனால் "அவ்வளவுதானே?" என்று அவன் எதிரில் சொல்லிவிட்டால் தீர்ந்தது கதை. அன்றைக்கு வேறு வேலை பார்க்க முடியாது. பிடித்து உட்கார வைத்து, செம்பு எப்படிப்பட்ட உலோகம் என்பதிலிருந்து ஆரம்பிப்பான். செம்பைக் கம்பியாக இழுக்கும்போது அதற்குள் இருக்கும் பொடிப் பொடி மணிகளெல்லாம் நசுங்கி நெருக்கியடித்துக்கொண்டு கிடக்குமாம். அதைத் திரவ நைட்ரஜனில் மெல்ல மெல்லக் குளிரவைத்து, மெல்ல மெல்லத் திரும்ப எடுத்தால் செம்பு நிம்மதியாகிவிடுமாம். செம்பு நிம்மதியானால் பாட்டுக்குப் பின்னால் ஒரு கறுப்பு அமைதி வருமாம். பிளக் முள்ளில் தங்கம் பூசினால் குரல் குழையும், வெள்ளி பூசினால் பளிச்சென்று வரும், ரோடியம் என்கிற விலை கூடின உலோகத்தைப் பூசினால் ஒவ்வொரு வாத்தியமும் தன் இடத்தில் தனியாக நிற்கும். எல்லாம் அவன் சொன்னதுதான். உண்மையா என்று என்னைக் கேட்டால் நான் எங்கே போவேன்?

ஊருக்கு வெளியே ஒரு ஷெட். லேத் பட்டறைகளின் வெட்டுக்கத்திகளையும் பற்சக்கரங்களையும் உறையவைத்துக் கொடுப்பது அங்கே இருப்பவர்களின் தொழில். உறைந்த இரும்பு சீக்கிரம் தேயாது. மூடியைத் திறந்தால் வெள்ளைப்புகை தரையோடு வழிகிற அந்தப் பெரிய டிரம்மில், பற்சக்கரங்களுக்கு நடுவே ஐஸ்காரன் தன் செம்புச் சுருளையும் வைக்கச் சொல்லிவிட்டு வந்துவிடுவான். அப்புறம் பொழுது விடிந்தால் போன். "நம்ம ஐஸ் ஆச்சா?" ஷெட்டில் இருந்தவர்கள் வைத்த பெயர்தான் அது. வாடிக்கையாளர்களுக்குப் பரவி, கடைசியில் வீட்டுக்குள்ளேயும் வந்துவிட்டது. அவன் அக்காவுக்குக் கோபம் வந்தால் அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள். அவளுக்கு அடிக்கடி கோபம் வரும்.

காலடியில் கிடந்த இரண்டுமே உறையவைத்த செம்புதான். ஒன்றின் முள்ளில் வெள்ளி, மற்றதில் ரோடியம். காலையில் கேட்டால் வெள்ளிதான் சத்தியம் என்று தோன்றியது. சாப்பிட்டுவிட்டு வந்து கேட்டால் வெள்ளி கிறீச்சென்று காதைப் பிராண்டியது. சாயங்காலம் கேட்டால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. வித்தியாசமே இல்லை என்று தோன்றினால் உடனே இரண்டையும் கழற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

வரப்போகிறவர் ஒரு விமர்சகர். காரைவிட விலை கூடின ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள்கூட அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் பர்ஸைத் திறப்பார்கள். கெஞ்சிக் கூத்தாடி, ஒருவழியாக ஞாயிற்றுக்கிழமை காலை வருவதாக ஒத்துக்கொண்டிருந்தார். அவர் நன்றாக எழுதிவிட்டால் ஐஸ்காரன் நிமிர்ந்துவிடுவான். முகத்தைச் சுளித்துவிட்டுப் போனால் மறுபடியும் மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி சுற்றுகிற பழைய வேலைதான்.

அவன் வீடு சின்னது. ஹால், அப்பா படுத்திருக்கும் அறை, சமையலறை. கல்யாணம் ஆகியிருந்தது, நிலைக்கவில்லை. கேபிளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவன் சொல்வான். நாம் நம்பி வைப்போம்.

ஹால் முழுக்க அவனுடைய சாம்ராஜ்யம். சுவரில் கனத்த கம்பளி, ஜன்னலில் இரட்டைத் திரை, கருங்கல் பலகைமேல் ஆம்ப்ளிஃபையர். அந்த அறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான். மற்றதையெல்லாம் எலக்ட்ரீசியனை வைத்து அடைத்துப் பூசிவிட்டான். அந்த ஒன்றுக்கு மீட்டர் பெட்டியிலிருந்து தனியாக ஒரு லைன் வருகிறது. வீட்டு ஃபேன், லைட், மிக்ஸி எதுவும் அந்த லைனைத் தொடாது. தொட்டால் கரண்ட் அழுக்காகிவிடும். ஒருமுறை அக்கா தெரியாத்தனமாக அதில் இஸ்திரிப் பெட்டியை மாட்டிவிட்டாள். அன்று அவன் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்.

அப்பாவின் அறையில் ஆக்ஸிஜன் மெஷின். நுரையீரல் கெட்டுப்போனதிலிருந்து, வருகிற காற்றைப் பிரித்து மூக்குக்கு அனுப்புகிற அந்தப் பெட்டி இல்லாமல் அவருக்கு ஆகாது. கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு இரவும் பகலும் உறுமும். நடுநடுவே புஸ்ஸென்று பெருமூச்சு விடும். அப்பா பஸ் டிரைவராக இருந்தவர். எஞ்சின் டிரைவர் பக்கத்திலேயே இருக்கிற அந்தக் காலத்து பஸ்.

"வேலையில இருந்தப்போ எஞ்சின் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். இப்ப படுத்திருக்கேன். வேற ஒண்ணும் மாறல" என்பார்.

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் மனுஷன் தூங்கிப் பல மாதமாகிவிட்டது. கண்ணை மூடுவார், கண்ணிமைக்குள் விழி ஓடிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் அசந்தால் புஸ்ஸென்று பெருமூச்சு, திடுக்கென்று விழித்துக்கொள்வார். கண்ணுக்குக் கீழே பை தொங்கிவிட்டது. அந்த வீட்டில் ஒருவனால் உட்கார முடியவில்லை, இன்னொருவரால் தூங்க முடியவில்லை. நல்ல ஜோடி.

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ரெண்டு தெரு தள்ளி அவள் வீடு. டியூட்டி முடிந்ததும் வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் போவாள். அவர் தூங்காததை முதலில் கண்டுபிடித்தவளும் அவள்தான். ஒரு நாள் வரும்போது நீளமான ஆக்ஸிஜன் குழாய் ஒன்றை வாங்கி வந்தாள்.

"இவ்வளவு நீளம் இருந்தா மெஷினை ஹால்ல வெச்சுக்கலாம்டா. கதவைச் சாத்திட்டா அவருக்குச் சத்தமே வராது."

ஐஸ்காரனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஹால்லயா? எதுல மாட்டுவ?"

"சுவத்துலதான். நீ ஒண்ணு விட்டு வெச்சிருக்கியே."

"அக்கா, அது தனி லைன்! இது உள்ள கம்ப்ரஸர் ஓடுற மெஷின். இதை அதுல மாட்டினா அப்புறம் நான் கேபிள் பண்ணி என்ன, பண்ணாம என்ன? வேற எங்கயாவது வை. சமையல் ரூம்ல வை."

"அடுப்புக்குப் பக்கத்துல ஆக்ஸிஜனா? வீட்டைக் கொளுத்துறதுக்கா?"

"அப்ப ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்..."

"கூடாது. நேரா சுவத்துல மாட்டணும்."

அவன் பிளக் பாயிண்டை மறைத்துக்கொண்டு நின்றான். குழாயைப் பாக்கெட் பிரிக்காமலே அப்பா அறை ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள். அது அங்கேயே தொங்கியது. தினமும் அந்தப் பக்கம் போகும்போது ஐஸ்காரன் வேறு திசையில் பார்த்துக்கொண்டு போனான்.

இதிலே இன்னொரு கூத்து. புதுக் கேபிளை உடனே கேட்கக் கூடாது, பழக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வது. உறைந்து வந்த செம்பிலும், புதுப்பூச்சு போட்ட முள்ளிலும் நாள்கணக்காகக் கரண்ட் ஓடினால்தான் கேபிள் வாயைத் திறக்கும். அதற்காக அவர்கள் கேபிளைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜில் மாட்டிவைப்பார்கள். இவனும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தான். ஆனால் ஃப்ரிட்ஜ் நின்று நின்று ஓடும். ஒரு நாள் அப்பாவுக்கு மாத்திரை கொடுக்கப் போனவன் மெஷினைப் பார்த்தான், மெஷினுக்குப் பின்னால் கழற்றி மாட்டுகிற மாதிரி இருந்த வயரைப் பார்த்தான். நிற்காமல் ஓடுகிற மெஷின்! வீட்டுக்குள்ளேயே! அவனுக்கு மூளையில் பல்பு எரிந்தது. இப்படி ஒரு யோசனை இந்தத் தொழில்காரனைத் தவிர உலகத்தில் வேறு எவனுக்கும் வராது.

"அப்பா, ஒரு நிமிஷம் நிறுத்திட்டு வயரை மட்டும் மாத்திக்கட்டுமா?"

"மாத்திக்கோ."

சுவிட்சை அணைத்தான். உறுமல் நின்றது. பழைய வயரைக் கழற்றித் தன் கேபிளை மாட்டினான். மெஷின் மறுபடி உறுமியது. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இது மூக்கால பேசுதுடா."

ஐஸ்காரன் சிலையாகிவிட்டான். அது வெள்ளி முள். ஹாலில் கேட்டபோது அவனுக்கும் குரல் கொஞ்சம் மூக்கடைத்த மாதிரிதான் இருந்தது. அப்பாவின் காது லேசுப்பட்டதல்ல. டெப்போவில் மெக்கானிக் மூடியைத் திறப்பதற்கு முன்பே, சத்தத்தை வைத்து எது கோளாறு என்று சொன்னவர். இந்தக் காதை வீட்டிலேயே வைத்துக்கொண்டு இத்தனை நாள் ஊரெல்லாம் அபிப்பிராயம் கேட்டுக்கொண்டிருந்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

அப்புறம் கேட்கவா வேண்டும்? ரோடியத்தை மாட்டினான். "இது பரவால்ல, ஆனா பல்லைக் கடிக்குது" என்றார் அப்பா. தங்கம் மாட்டினான். "கஞ்சியில முங்கி எழுந்த மாதிரி இருக்கு." மறுபடி வெள்ளி. "இப்ப கொஞ்சம் பழகியிருக்கு. எதுக்கும் சாயங்காலம் இன்னொண்ணை மாட்டிப் பாரேன்." முதலில் எப்போதாவது ஒருமுறை மாற்றியது, பிறகு தினம் ஒருமுறை ஆயிற்று. அந்தக் கடைசி வாரத்தில் அவரே கூப்பிட்டுச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "டேய், இது சரியில்ல. வந்து மாத்து."

மாற்றுவது என்றால் சும்மா கழற்றி மாட்டுவது இல்லை. முள்ளைத் துடைக்க வேண்டும். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, ஒவ்வொரு முள்ளாக, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்துத் துடைப்பான்.

"நல்லாத் துடைடா" என்பார் அப்பா, கண்ணை மூடியபடி. "அவசரமே இல்ல. அழுக்கு இருந்தா உன் வெள்ளியும் தங்கமும் என்ன பண்ணும்?"

ஐஸ்காரனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். கேபிள் என்றால் என்ன என்று தெரிந்த ஒரே ஆள் இந்த வீட்டில் அப்பாதான் என்று நினைத்துக்கொள்வான். அவன் முள்ளைப் பார்ப்பான். அப்பாவின் உதட்டை அவன் பார்க்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. ஐஸ்காரன் குட்டி போட்ட பூனை மாதிரி ஹாலுக்கும் அறைக்கும் அலைந்தான். விடிந்தால் விமர்சகர். இன்னும் வெள்ளியா ரோடியமா என்று முடிவாகவில்லை. மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. அப்பாவிடம் போய் நின்றான்.

"கடைசியா ஒரு தடவை ரெண்டையும் மாத்தி மாத்திக் கேட்டுச் சொல்லுங்கப்பா. நீங்க எதைச் சொல்றீங்களோ அதுதான்."

"ஆகட்டும்" என்றார் அப்பா. "ரெண்டையும் நல்லாத் துடைச்சுட்டே மாட்டு."

மெஷினை அணைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நாளைக்குப் பெரியவர் கையில் எடுத்துப் பார்க்கப்போகிற முள். பஞ்சு, ஸ்பிரிட், பூதக்கண்ணாடி. வெள்ளி முள்ளின் ஓரத்தில் கறுப்பாக ஒரு புள்ளி. தேய்த்தான். போகவில்லை. இன்னும் தேய்த்தான்.

அன்றைக்கு அக்காவுக்கு டியூட்டி சீக்கிரம் முடிந்துவிட்டது. வாசலில் ஒரு செருப்பைக் கழற்றியபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் மெஷின் சத்தம் இல்லை. இன்னொரு செருப்போடு உள்ளே ஓடி வந்தாள். அப்பா மல்லாந்து படுத்திருந்தார். கண் மூடியிருந்தது. மூக்கில் குழாய் இருந்தது, குழாயில் காற்று இல்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. கீழே, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பிளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் தம்பி ஒற்றைக் கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் போட்ட அலறலில் அவன் கையிலிருந்து பூதக்கண்ணாடி விழுந்தது. அவனைத் தள்ளிவிட்டு, கையில் அகப்பட்ட வயரைச் செருகி சுவிட்சைத் தட்டினாள். மெஷின் உறுமியது. அப்பாவின் விரலில் ஆக்ஸிஜன் அளவு காட்டும் கருவியை மாட்டினாள். எண்பதுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆடியது எண். அவள் அதையே முறைத்துக்கொண்டு நின்றாள். மெல்ல ஏறியது. தொண்ணூறைத் தொட்ட பிறகுதான் அவள் திரும்பினாள்.

"என்னடா பண்ணிட்டிருந்த?"

"ரெண்டு நிமிஷம்தான்க்கா... முள்ளுல ஒரு கறுப்பு..."

"முள்ளா? அவர் உதடு கறுத்தது தெரியலையா உனக்கு? அவர் மூச்சுலயாடா உன் கேபிளைப் பழக்குற? அப்பாவை என்ன ஃப்ரிட்ஜுன்னு நினைச்சியா?"

ஐஸ்காரன் குனிந்து பூதக்கண்ணாடியைத் தேடினான்.

"அவனைத் திட்டாதேம்மா" என்றார் அப்பா, மூச்சு வாங்க. "நான்தான் மாத்தச் சொன்னேன்."

"நீங்களுமா? உங்களுக்கு என்னப்பா தெரியும் அதுல?"

"ஒண்ணும் தெரியாது."

"அப்பா!" என்றான் ஐஸ்காரன். "மூக்கால பேசுதுன்னீங்களே? பல்லைக் கடிக்குதுன்னீங்களே?"

"எல்லாம் ஒரே மாதிரிதான்டா உறுமுது. அதுல என்ன மூக்கு, என்ன பல்லு?" அப்பா கொஞ்சம் சிரித்தார். பிடிபட்டுவிட்டவருடைய சிரிப்பு. "குறை சொன்னாத்தானே நீ மாத்துவ. மாத்தினாத்தானே இது நிக்கும்."

இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

"கடைசி ஸ்டாப்புல எல்லாரும் இறங்கினதும் எஞ்சினை ஆஃப் பண்ணுவேன். அப்ப ஒண்ணு வரும் பாரு, ஒரு அமைதி. அப்படியே ஸ்டியரிங் மேல தலையைச் சாய்ச்சுக்குவேன். அந்த மாதிரி இருக்கும்டா, நீ வயரைக் கழட்டுறப்போ. மூச்சு முட்டும்தான். ஆனா ஜன்னல்கிட்ட குருவி கத்துறது கேக்குது. அதான், நல்லாத் துடைன்னு சொல்லுவேன்."

அக்கா கத்துவாள் என்று ஐஸ்காரன் எதிர்பார்த்தான். அவள் கத்தாததுதான் அவனைக் கொன்றது. ஆணியில் தொங்கிய பாக்கெட்டை எடுத்தாள். அவன் மடியில் வைத்தாள்.

"நாளைக்கு உனக்குப் பெரிய மனுஷன் வர்றாரு. யோசிச்சுக்கோ" என்றாள். அப்பாவின் உதட்டை இன்னொரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனாள். ஒரு செருப்பு இன்னும் காலிலேயே இருந்தது.

ஐஸ்காரன் ஹாலுக்கு வந்து உட்கார்ந்தான். ஒரு நாள்தானே, ஞாயிறு முடிந்ததும் மெஷினை ஹாலுக்கு மாற்றிவிடலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். உள்ளிருந்து அப்பாவும் அதையே சொன்னார். "நாளைக்கு உன் வேலை முடியட்டும்டா. நான் எங்க ஓடிடப்போறேன்?" பாட்டைப் போட்டான். முதல் வரி முடிந்து பாடகி மூச்சு எடுக்கிற இடம் வந்தது. அந்த இடத்துக்காகத்தான் அவன் செம்பை உறையவைக்கிறான். அந்த இடம் கறுப்பாக, ஒரு தூசியில்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் சுவரையெல்லாம் அடைத்தான். இப்போது அந்த இடத்தில் அடுத்த அறையின் உறுமல் கேட்டது. எப்போதும் இருந்ததுதான். கேட்காமல் இருக்கப் பழகியிருந்தான். எந்தக் கேபிளை மாற்றி என்ன, இனி அது போகாது என்று தெரிந்துவிட்டது. தனக்கு வேண்டிய அமைதியை அவன் வாங்கி ஹாலில் வைத்துப் பூட்டிக்கொண்டு, சத்தத்தை அப்பா கட்டில் பக்கத்தில் விட்டிருந்தான். அவர் தன் மூச்சைக் கொடுத்து அந்த அமைதியைச் சில்லறை சில்லறையாகத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். ஐஸ்காரனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்தான், உட்கார்ந்தான். மறுபடி எழுந்தவன் உட்காரவில்லை.

அப்பாவுக்கு முதலில் சிலிண்டரைப் போட்டான். கரண்ட் போனால் உதவட்டும் என்று அக்கா வைத்திருந்த சிலிண்டர். பிறகு மெஷினை உருட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தான். கருங்கல் பலகையிலிருந்து ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக் கீழே வைத்தான். கனம் முதுகைப் பிடித்தது. பலகையை ஓரமாகத் தள்ளி, சுவரோரம் மெஷினை நிறுத்தினான். தனி லைனிலிருந்து தன் பிளக்கைப் பிடுங்கினான். மெஷினின் பழைய வயர் எங்கே போய் ஒளிந்ததோ தெரியவில்லை. மெஷினிலிருந்தும் ஆம்ப்ளிஃபையரிலிருந்தும் கழற்றிப் போட்ட இரண்டு கேபிள்களில் ஒன்றை எடுத்துச் செருகினான். வாரம் முழுக்க அவனை ஆட்டிவைத்த முடிவு, எது என்று பார்க்காமலே முடிந்துவிட்டது. பாக்கெட்டைக் கிழித்து நீளக் குழாயை எடுத்து, கதவுக்கடியில் விட்டு, அப்பாவின் மூக்குக்குக் கொண்டுபோனான்.

"என்னடா பண்ற? நாளைக்கு அவர் வர்றாரே!"

"அவர் இருக்கிற ஒரு மணி நேரம் மட்டும் நீங்க சிலிண்டர்ல இருந்துக்கோங்க. அப்ப மெஷினை நிறுத்திட்டு ஆம்ப்பை மாட்டிக்கறேன்."

"ஓ, தாராளமா" என்றார் அப்பா. சொல்லிவிட்டுக் கதவு சாத்தப்படுவதைப் பார்த்தார்.

மறுநாள் காலை விமர்சகர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், மெதுவாகப் பேசுகிறவர். ஹாலுக்குள் கால் வைத்ததும் அப்படியே நின்றார். காரணம் கேட்க வேண்டுமா? கம்பளிச் சுவருக்கும் இரட்டைத் திரைக்கும் நடுவில், சிம்மாசனத்தில் உட்கார்ந்த மாதிரி, ஆக்ஸிஜன் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. புஸ்ஸென்று பெருமூச்சு வேறு விட்டது. ஆம்ப்ளிஃபையர் கீழே அநாதையாகக் கிடந்தது.

"அப்பாவுக்கு சார்" என்றான் ஐஸ்காரன். "ஒரே நிமிஷம். சிலிண்டர் இருக்கு, மாத்திட்டு வந்துடறேன். நீங்க உட்காருங்க."

அறைக் கதவைத் திறந்தான். திறந்தவன் அங்கேயே நின்றுவிட்டான்.

அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். ராத்திரி தூங்கி, விடிந்து எழுந்து ஒரு வாய் காபி குடித்துவிட்டு மறுபடியும் படுத்தவர். வாய் லேசாகத் திறந்திருந்தது. இமைக்குள் விழி ஓடவில்லை. ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சாதாரணக் குறட்டை இல்லை. பல மாதத் தூக்கத்தை மொத்தமாகப் பிடித்துக்கொண்டவருடைய குறட்டை.

சிலிண்டரை உருட்டினால் சக்கரம் கிறீச்சிடும். வால்வைத் திருகினால் விசில் அடிக்கும். மூக்கிலிருந்து குழாயை எடுத்து வேறொன்றை வைத்தால் விழித்துவிடுவார். விழித்தால் ஒன்றும் சொல்லமாட்டார், "தாராளமா" என்பார். ஐஸ்காரன் சிலிண்டரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு மணி நேரம்தான். எத்தனை வருஷமாகக் காத்திருந்த ஒரு மணி நேரம்! பின்னால் ஹாலில் விமர்சகர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

கைப்பிடியை விட்டுவிட்டுக் கதவை மெல்லச் சாத்தினான்.

"மன்னிச்சுக்கோங்க சார். அப்பா தூங்குறார். எழுப்ப முடியாது."

"நான் காத்திருக்கணுமா?"

"எப்ப எழுந்திருப்பார்னு தெரியாது சார். எழுந்தாலும், இனிமே இந்த மெஷின் இங்கதான் இருக்கும்."

விமர்சகர் அவனையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். குனிந்து, மெஷினிலிருந்து சுவருக்குப் போகிற தடித்த கறுப்பு கேபிளைப் பார்த்தார்.

"இதுவா நீங்க சொன்னது? உறையவெச்சதா?"

"ஆமா சார்."

"முள்ளு? வெள்ளியா, ரோடியமா?"

"பார்க்கலை சார்."

அவர் புருவத்தைத் தூக்கினார். ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் கதவு இடுக்கு வழியாக, மெஷின் உறுமலையும் மீறிக்கொண்டு, ஒரு பெரிய குறட்டை வந்தது. விமர்சகர் சத்தம் வராமல் செருப்பை மாட்டிக்கொண்டு, தலையை ஒருமுறை அசைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் எழுதமாட்டார் என்று ஐஸ்காரனுக்குத் தெரியும். பொய் சொல்லக்கூடாது, கொஞ்சம் அழுதான்.

அப்பா எழுந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. அக்கா வந்து ஹாலைப் பார்த்துவிட்டு, தம்பியின் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, அவனுக்கும் சேர்த்துச் சாப்பாடு எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். அப்பா கண்ணைத் தேய்த்துக்கொண்டு பதறினார்.

"அடப்பாவி, எழுப்பியிருக்கக் கூடாதாடா? அவர் வந்தாரா?"

"வந்தார்."

"எந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினே?"

"பாட்டு போடலப்பா. உங்க குறட்டைதான்."

அப்பா அவனையே பார்த்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எப்படி இருந்துச்சாம்?"

"பேஸ் சவுண்ட் கொஞ்சம் ஜாஸ்தியாம்" என்றான் ஐஸ்காரன்.

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியதும் தலையணையைத் தட்டிச் சரிசெய்துகொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"சாப்பாடு இருக்கட்டும்மா" என்றார் மகளிடம். "கதவைச் சாத்திட்டுப் போங்க, ரெண்டு பேரும்."